விலை குன்றா விரைவு வண்டிகள்

பாவித்த பொருளின் விலை குறையும் என்பது உலகறிந்த நியதி. ஆடையாயினும் அலுமாரியாயினும், கடையை விட்டு வெளியேறிய கணத்திலேயே அது பழம்பொருள் என்னும் பெயரைப் பெற்றுவிடுகின்றது. இந்நியதி மோட்டார் வண்டிக்குப் பொருந்துவது போல வேறெதற்கும் அத்துணைக் கடுமையாகப் பொருந்துவதில்லை. காட்சியறையின் வாயிலைத் தாண்டிச் சாலையில் ஏறிய புதிய கார், சில மைல் ஓடுமுன்பே தன் விலையில் ஒரு பங்கை இழந்துவிடுகின்றது.

இதற்குக் காரணங்கள் மூன்று. ஓட ஓட உறுப்புகள் தேய்தல் ஒன்று. அடுத்த ஆண்டு அதனினும் சிறந்த வண்டி சந்தைக்கு வருதல் மற்றொன்று. மூன்றாவது காரணத்தைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முதலில் வைத்திருந்தவர் அவ்வண்டியை எவ்வாறு நடத்தினார் என்பதை அடுத்து வாங்குபவர் அறியார். அறியாத ஒன்றுக்கு அவர் அஞ்சுகின்றார். அந்த அச்சத்துக்கு ஈடாக விலையைக் குறைத்துக் கேட்கின்றார். பழைய காரின் விலை வீழ்ச்சியில் ஒரு பகுதி தேய்மானத்தின் விலை. மற்றொரு பகுதி ஐயத்தின் விலை.

சூப்பர் கார் எனப்படும் உயர்விரைவு வண்டிகளும் இந்நியதிக்கு விலக்கானவை அல்ல. பந்தய வண்டியின் எஞ்சினும் சிற்பம் போன்ற உடலும் கொண்டு, இருவர் மட்டும் அமரத்தக்கதாய், பெருஞ்செல்வர்க்கென்றே செய்யப்படும் இவ்வண்டிகளுள் பெரும்பாலானவை மற்றக் கார்களைப் போலவே விலை இழக்கின்றன. ஆனால் அவற்றுள் மிகச் சில, ஆண்டு ஏற ஏற விலையும் ஏறி நிற்கின்றன. ஒரே வேகம், ஒரே வகையான அழகு, ஏறக்குறைய ஒரே தொடக்க விலை. ஆயினும் ஒன்று வீழ்கின்றது, மற்றொன்று உயர்கின்றது. இவ்வேற்றுமை எங்ஙனம் தோன்றுகின்றது என்பது ஆராயத்தக்கது.

முதலில் உச்சியில் நிற்கும் வண்டியையே எடுத்துக் கொள்ளலாம். இத்தாலி நாட்டுப் பெராரி நிறுவனம் 1962ஆம் ஆண்டு தொடக்கம் 1964ஆம் ஆண்டு வரை '250 ஜீ.ரீ.ஓ.' என்னும் வண்டியைச் செய்தது. பன்னிரண்டு உருளைகள் கொண்ட 3 லீற்றர் எஞ்சின் அதற்கு. ஓர் உருளையின் கொள்ளளவு 250 கன சென்ரிமீற்றர் என்பதே அதன் பெயரில் நிற்கும் எண்ணின் பொருள். இவ்வகையில் செய்யப்பட்டவை 36 மட்டுமே. அமெரிக்காவில் அந்நாளில் ஏறக்குறைய 18,000 டொலருக்கு விற்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கலிபோர்னியாவின் மொன்ரரே நகரில் ஒரு ஜீ.ரீ.ஓ. ஏலம் விடப்பட்டபோது 4 கோடியே 84 இலட்சம் டொலர் கிடைத்தது. அதே குடும்பத்தில் 4 லீற்றர் எஞ்சினுடன் பிறந்த மற்றொரு வண்டி, 2023ஆம் ஆண்டு நவம்பரில் நியூயோர்க்கில் 5 கோடியே 17 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று.

'செய்தவை 36 தானே. அருமையால் விலை ஏறிற்று' என்று விடை சொல்வது எளிது. பலரும் சொல்லும் விடையும் அதுவே. ஆயினும் இவ்விடையைச் சற்று உரைத்துப் பார்க்க வேண்டும். 1960களின் இறுதியிலும் ஜீ.ரீ.ஓ. வண்டிகள் 36 தான் இருந்தன. அந்நாளில் அவை பந்தயத்துக்கு உதவாத பழைய வண்டிகள் எனக் கருதப்பட்டுப் புதிய விலையிலும் குறைந்த விலைக்குக் கைமாறின. எண்ணிக்கை மாறவில்லை, விலை மாறிற்று. ஆதலின் அருமை ஒன்றே காரணமாதல் இயலாது.

இதனை இன்னும் தெளிவாகக் காட்டுவது புகாட்டி நிறுவனத்தின் 'றோயல்' என்னும் வண்டி. எற்றோர் புகாட்டி என்பார் மன்னர்களுக்கென்றே ஒரு காரைச் செய்யக் கருதினார். 12.7 லீற்றர் எஞ்சினுடன் யானை போன்ற உருவில் அஃது எழுந்தது. 1927ஆம் ஆண்டு தொடங்கி 1933ஆம் ஆண்டு வரையில் முடிக்கப்பட்டவை ஆறே ஆறு. அருமை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ! ஆனால் அந்த ஆறில் மூன்றை மட்டுமே விற்க முடிந்தது. உலகப் பொருளாதார மந்தம் செல்வர் வீடுகளையும் நடுங்கச் செய்த காலம் அது. மிஞ்சிய எஞ்சின்கள் பிரெஞ்சு நாட்டு இருப்புப் பாதைகளில் ஓடிய மோட்டார் வண்டித் தொடர்களில் பூட்டப்பட்டன. மன்னர்க்கென வடித்த எஞ்சின், இருப்புப் பாதைப் பயணியைச் சுமந்து சென்றது. அரை நூற்றாண்டின் பின், 1987ஆம் ஆண்டு, இலண்டன் அல்பேர்ட் மண்டபத்தில் ஒரு றோயல் ஏலத்துக்கு வந்தபோது 55 இலட்சம் பவுண் கொடுத்து வாங்கினார்கள். முன்னரும் அது அருமையானதே, பின்னரும் அருமையானதே. இடையில் பிறந்தது வேட்கை. வேண்டுவோர் தொகை செய்த தொகையை விட மிகும்போதே அருமைக்கு விலை உண்டாகின்றது. வேண்டுவோர் இல்லாவிடின் அருமை என்பது விற்பனையாகாமையின் மறு பெயரே.

வேட்கை மட்டும் இருந்தாற் போதுமா எனின், அதுவும் போதாது. அதற்குச் சான்று கூறுவது பெராரியின் 'எப்.40'. நிறுவனத்தின் நாற்பதாண்டு நிறைவைக் குறித்து 1987ஆம் ஆண்டில் வெளிவந்த வண்டி இது. நிறுவனர் என்சோ பெராரி தம் வாழ்நாளில் வெளியிடக் கண்ட கடைசி வண்டியும் இதுவே. அடுத்த ஆண்டு அவர் காலமானார். அதே 1987ஆம் ஆண்டில் உலகப் பங்குச் சந்தைகள் சரிந்தன. பங்குகளில் நம்பிக்கை இழந்த பணம் ஓவியங்களையும் பழங்கார்களையும் நாடி ஓடிற்று. வாங்கியவர் பலர் வண்டியை விரும்பி வாங்கினாரல்லர். நாளை மற்றொருவன் இதனினும் மிகுந்த விலை கொடுப்பான் என்று கருதியே வாங்கினர். எப்.40இன் விலை நிறுவனம் குறித்த விலையைப் போலப் பன்மடங்காயிற்று. தொடக்கத்தில் 400 வண்டிகளே திட்டம். வேட்கை பெருகவே 1,300க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரம் தளர்ந்தது. விலை நீர்க்குமிழி போல உடைந்தது. கடன்பட்டு வாங்கியவர் கையைச் சுட்டுக்கொண்டனர்.

பெராரி நிறுவனம் இதனின்று பாடம் கற்றது என்றே கொள்ளலாம். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் 'எப்.50' வண்டியில் 349 மட்டுமே செய்யப்பட்டன. சந்தை கேட்கும் தொகையினும் ஒன்று குறையச் செய்வதே முறை என்பது அந்நிறுவனத்தின் கொள்கையாகப் பேசப்பட்டது. விற்க முடியாமற் குறைந்த தொகை வேறு. விற்க முடிந்தும் தன்னை அடக்கிக் குறைத்த தொகை வேறு. முன்னையது தோல்வி, பின்னையது வாங்கியவர்க்குச் செய்த மரியாதை. எப்.40இன் விலையும் பின்னர் மீண்டெழுந்து இன்று பத்து இலட்சம் டொலருக்கு மேல் நிற்கின்றது. சூதாட வந்தவர் போயினர். உண்மையாக விரும்பியவர் நின்றனர்.

இனி, சொன்ன சொல் தவறுவதால் விலைக்கு வரும் கேட்டைக் காணலாம். 1988ஆம் ஆண்டு ஒக்ரோபரில் பேர்மிங்காம் மோட்டார்க் கண்காட்சியில் ஜாகுவார் நிறுவனம் 'எக்ஸ்.ஜே.220' என்னும் மாதிரி வண்டியை வைத்தது. பன்னிரண்டு உருளை எஞ்சின். நான்கு சக்கரங்களையும் உந்தும் அமைப்பு. வெள்ளி வண்ண நெடுவுடல். கண்டவர் மயங்கினர். 350 வரையில் செய்வதென அடுத்த ஆண்டில் அறிவித்தார்கள். விலை 2 இலட்சத்து 90 ஆயிரம் பவுண், வரி வேறு. முற்பணம் மட்டும் 50,000 பவுண். முற்பணத்தோடு வந்தவர் தொகையோ வண்டித் தொகையைப் போலப் பன்மடங்கு.

1992ஆம் ஆண்டில் வண்டி கைக்கு வந்தபோது பன்னிரண்டு உருளை ஆறாகக் குறைந்திருந்தது. நான்கு சக்கர உந்துகையும் போயிற்று. வரியும் ஒப்பந்தத்திலிருந்த விலையேற்ற விதியும் சேர, கொடுக்க வேண்டிய தொகை 4 இலட்சம் பவுணைத் தாண்டிற்று. நீதியாகப் பேசுமிடத்து, புதிய எஞ்சின் பழையதினும் வலியது. அவ்வண்டி மணிக்கு 217 மைல் ஓடி, அந்நாளில் விற்பனைக்கிருந்த கார்கள் அனைத்தினும் விரைவானது எனப் பெயரும் பெற்றது. ஆயினும் வாங்க வந்தவர் எண்ணியது 'எமக்குக் காட்டியது ஒன்று. கொடுப்பது வேறொன்று' என்பதே. பொருளாதாரத் தளர்ச்சியும் அவ்வேளையில் வந்து சேரவே, சிலர் ஒப்பந்தத்தினின்று விடுபட வழக்கு மன்றம் வரை சென்றனர். 300க்கும் குறைவாகவே வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றிலும் மிஞ்சியவற்றை 1997ஆம் ஆண்டளவில் பழைய விலையின் ஒரு பகுதிக்குத் தள்ளி விற்க நேர்ந்தது. உலகின் மிக விரைவான கார் விலையில் மட்டும் மிக விரைவாகக் கீழிறங்கிற்று. வேகத்தால் விலை நிலைப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை.

எக்ஸ்.ஜே.220இன் வேகப் பெருமையைப் பறித்த வண்டி 'மக்லாரன் எப்.1'. 1988ஆம் ஆண்டு இத்தாலியப் பந்தயம் ஒன்று முடிந்து, மிலான் விமான நிலையத்தில் தாமதித்த விமானத்துக்குக் காத்திருந்த வேளையில் அதன் எண்ணம் உருவாயிற்று என்பர். வடிவமைத்தவர் கோடன் மரே. சாரதியின் ஆசனத்தை நடுவில் வைத்து, இருபுறமும் சற்றுப் பின்னாக ஒவ்வோர் ஆசனம் வைத்தார். உடல் முழுவதும் கரிநாரினால் ஆயது. எஞ்சின் அறையின் வெப்பத்தைத் தடுக்கப் பொற்றகடு பதித்தார். ஆடம்பரத்துக்கன்று, வெப்பத்தைத் திருப்புவதில் பொன் சிறந்தது என்பதால். 1995ஆம் ஆண்டு, சாலை வண்டியாகவே பிறந்த இக்கார், பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் முதலாவதாக வந்தது.

இத்தகைய வண்டிக்கும் முதலில் வாங்குவோர் போதியளவு கிடைக்கவில்லை. 5 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட விலை, தளர்ந்திருந்த சந்தைக்குச் சுமையாயிற்று. 1998ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றபோது எல்லா வகையும் சேர்த்து 106 வண்டிகளே செய்யப்பட்டிருந்தன. ஆனால் இங்கே சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி இருக்கவில்லை. சொன்ன எஞ்சினே பூட்டப்பட்டது. சொன்ன வேகமே கிட்டியது. வண்டியைச் செய்து முடித்த நிறுவனம் அதனைக் கைவிடவும் இல்லை. அதன் பயனை ஒரு நிகழ்ச்சி விளக்கும்.

நகைச்சுவை நடிகர் றோவன் அற்கின்சன் 1997ஆம் ஆண்டு 6 இலட்சத்து 40 ஆயிரம் பவுண் கொடுத்து ஒரு மக்லாரன் எப்.1 வாங்கினார். வாங்கியதைப் பூட்டி வைக்கவில்லை. கடைக்கும் பயணத்துக்கும் ஓட்டினார். இருமுறை விபத்து நேர்ந்தது. 2011ஆம் ஆண்டில் நேர்ந்த இரண்டாவது விபத்தில் வண்டி மரத்தில் மோதிச் சிதைந்து தீயும் பற்றிக்கொண்டது. காப்புறுதி நிறுவனம் 9 இலட்சத்து 10 ஆயிரம் பவுண் செலுத்திற்று; செய்த நிறுவனமே ஓராண்டுக்கு மேலாக உழைத்து வண்டியை மீண்டும் உருவாக்கிக் கொடுத்தது. 2015ஆம் ஆண்டில் அவர் அதனை விற்றபோது பெற்ற விலை 80 இலட்சம் பவுண். 41,000 மைல் ஓடி, இருமுறை மோதிய வண்டி அது! சாதாரணக் கார் ஆயின் அதனைப் பழைய இரும்புக்கே நிறுத்திருப்பர். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. ஆனால் இந்த யானையை இறக்க விடாமற் காத்தது அதனைச் செய்தவரின் பொறுப்புணர்ச்சி. அதே வகையில் மிகக் குறைவாக ஓடிய மற்றொரு வண்டி 2021ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் 2 கோடி டொலருக்கு மேல் விலைபோயிற்று.

செய்தவர் பின்னும் துணைநிற்றல் எத்துணை இன்றியமையாதது என்பதை நினைக்கும்போது வேறொரு பழமொழியும் நினைவுக்கு வரும்: யானை வாங்கப் பணம் இருந்தும் அங்குசம் வாங்கப் பணம் இல்லை. புகாட்டி நிறுவனத்தின் 'வேறோன்' வண்டிக்கெனத் தனியாக வார்க்கப்பட்ட நான்கு ரயர்களின் விலைக்கு நல்லதொரு புதிய கார் வாங்கலாம். மக்லாரன் எப்.1இன் எஞ்சினைப் பரிசோதிக்க 1990களில் வெளிவந்த ஒரு மடிக்கணினியே வேண்டியிருந்தது. கணினி உலகம் பலமுறை மாறிய பின்னும் அந்தப் பழைய கணினிகளை நிறுவனம் தேடிப் பிடித்துப் பேணி வந்தது. 2013ஆம் ஆண்டில் பெராரி, மக்லாரன், போர்ஷே ஆகிய மூன்றும் பெற்றோலோடு மின்சாரமும் சேர்ந்து உந்தும் வண்டிகளை வெளியிட்டன. அவற்றின் விலை இன்றும் உயர்ந்தே நிற்பினும், அவற்றினுள் இருக்கும் மின்கலம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூப்படைவது. இரும்புறுப்பைக் கம்மியன் ஒருவன் என்றும் புதிதாகச் செய்து பூட்டலாம். மின்கலமும் கணினிச் சில்லும் அவ்வாறல்ல. அவற்றுக்குச் செய்த நிறுவனத்தையே நம்பி நிற்க வேண்டும்.

அடுத்தடுத்துப் புதிய வகைகளை வெளியிடுதலும் முன்னைய வண்டியின் விலையைத் தின்றுவிடும். மக்லாரன் எப்.1ஐச் செய்த அதே நிறுவனம் 2011ஆம் ஆண்டில் 'எம்.பீ.4-12சீ' என்னும் வண்டியை வெளியிட்டது. மூன்றே ஆண்டுகளில் '650எஸ்' என்னும் புதுவகை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஓட்டுவதற்குச் சிறந்த வண்டியாயிருந்தும் முன்னையதன் விலை விரைந்து சரிந்தது. ஒரே பெயர், ஒரே தொழிற்சாலை மரபு. எனினும் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது. ஆதலின் பெயர்ப் பெருமை மட்டும் விலையைக் காவாது என்பதும் தெளிவு.

விலை நிலைபெறுதற்குப் பிறிதொரு காரணம், ஒரு காலம் முடிந்துவிட்டது என்னும் உணர்வு. போர்ஷே நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கரேரா ஜீ.ரீ.' இதற்கு உதாரணம். பத்து உருளை எஞ்சின், கையால் மாற்றும் கியர், மூன்று மிதிகள். 1,500 செய்யத் திட்டமிட்டு 1,270இல் நிறுத்தினார்கள். ஓட்டுதற்கு அரிய வண்டி எனப் பெயர் பெற்றமையால் சில காலம் அதன் விலை புதிய விலையிலும் தாழ்ந்தே கிடந்தது. பின்னர் உலகெங்கும் உயர்விரைவு வண்டிகள் தாமே கியர் மாற்றத் தொடங்கின. கிளச் மிதி மறைந்தது. மறைந்த பின்னரே அதன் அருமை புலனாயிற்று, கரேரா ஜீ.ரீ.யின் விலை பத்து இலட்சம் டொலரையும் தாண்டிச் சென்றது. பெராரியின் '599' என்னும் வண்டியிலும் இதுவே நிகழ்ந்தது. வாங்கினோரில் மிகப் பலர் புதிய தன்னியக்கக் கியரையே விரும்பினர். கைக்கியரோடு செய்யப்பட்டவை ஏறக்குறைய முப்பதே. பின்னாளில் அம்முப்பதும் உடன்பிறந்த வண்டிகளைப் போலப் பன்மடங்கு விலை பெறலாயின. தன்னியக்கக் கியரே விரைவானது. சந்தை மதித்ததோ மெதுவானதை. மனிதன் கையும் காலும் சேர்ந்து செய்யும் தொழிலுக்கு ஓர் இன்பம் உண்டு என்பதைச் சந்தையும் காலந்தாழ்த்தி உணர்ந்தது.

இவை யாவற்றினும் வலிய காரணம் சான்றுடைமை. தொடக்கத்தில் கூறிய ஐயத்தின் விலை என்பதை இங்கே நினைவு கூர்தல் தகும். ஐயம் விலையைக் குறைக்குமாயின், ஐயமின்மை விலையைக் காத்தல் வேண்டும் அன்றோ? ஒவ்வொரு ஜீ.ரீ.ஓ. வண்டிக்கும் அடிச்சட்டத்தில் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணைப் பற்றிக்கொண்டு, அது எந்த ஆண்டில் யாருக்கு விற்கப்பட்டது, எந்தப் பந்தயத்தில் யார் ஓட்டினார், எந்த வளைவில் மோதிற்று, யார் திருத்தினார் என்பனவற்றை ஆராய்ச்சியாளர் அறுபது ஆண்டுக்கு வரிசையாகச் சொல்ல வல்லர். பிறந்த எஞ்சினே இன்றும் உள்ளதா, மாற்றப்பட்டதா என்பது இலட்சக் கணக்கில் விலையை ஏற்றும், இறக்கும். பெராரி நிறுவனம் 2006ஆம் ஆண்டில் பழைய வண்டிகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்கத் தனிப் பகுதி ஒன்றையே அமைத்தது. ஜீ.ரீ.ஓ.வின் உருவத்தைப் பின்பற்றிப் புதிய வண்டி செய்ய வேறொரு நிறுவனம் முயன்றபோது, 2019ஆம் ஆண்டு இத்தாலியின் போலோஞா நீதிமன்றம் அவ்வுருவத்தைக் கலைப்படைப்பு என்றே கொண்டு காப்பு வழங்கிற்று.

பந்தய வெற்றிகளின் பயனும் இச்சான்றுடைமையிலேயே அடங்கும். 1962, 1963, 1964 ஆகிய மூன்றாண்டுகளிலும் ஜீ.ரீ.ஓ. தன் வகுப்பின் உலகப் பட்டத்தைத் தன் நிறுவனத்துக்குப் பெற்றுக் கொடுத்தது. விளம்பரத்தில் தன்னைப் புகழ்ந்துகொள்ளும் வண்டி வேறு. பலர் காண, நேரம் குறித்த களத்தில் தன்னை நாட்டிய வண்டி வேறு. முன்னையதன் புகழ் அடுத்த விளம்பரம் வரை. பின்னையதன் புகழ் ஏட்டில் ஏறிய புகழ்.

கூறிய காரணங்களைத் தொகுத்து நோக்கின், அருமை, வேட்கை, செய்தவரின் அடக்கம், சொல் தவறாமை, பின்னும் துணைநிற்றல், காலத்தின் முடிவு, சான்றுடைமை என அவை விரியும். ஆயினும் இவற்றுட் பெரும்பாலானவற்றை ஊடுருவி நிற்கும் நூல் ஒன்றே: அது நம்பிக்கை. இனிமேல் இதனைப் பெருக்கிச் செய்யமாட்டார்கள் என்னும் நம்பிக்கை; காட்டியதையே கொடுத்தார்கள் என்னும் நம்பிக்கை; பழுதுற்றால் திருத்துவார்கள் என்னும் நம்பிக்கை; இதன் வரலாறு பொய்யன்று என்னும் நம்பிக்கை. வாங்குபவர் கோடி கொடுப்பது இரும்புக்கும் தோலுக்கும் அன்று. அவ்விரும்பைப் பற்றிச் சொல்லப்பட்டவை மெய் என்பதற்கே கொடுக்கின்றார்.

இவ்விடத்தில் ஒரு துயரமும் தோன்றுகின்றது. விலை நிலைத்த வண்டிக்கு அதன் விலையே விலங்காகின்றது. ஒவ்வொரு மைலும் விலையைக் குறைக்கும் என்று அஞ்சி, பலர் இத்தகைய கார்களைக் குளிரூட்டிய அறைகளிற் பூட்டி வைக்கின்றனர். ஓடுதற்கென்றே பிறந்த பொருள் ஓடாமையால் மதிப்புப் பெறுகின்றது. ஓடாத வண்டியும் கெடாமல் இருப்பதில்லை. இறப்பர் இறுகுகின்றது, ரயர் கோணுகின்றது, பெற்றோல் பழுதாகின்றது. வீணையை உறையிலிட்டு மூடி வைத்திருப்பவர் அதற்கு உடையவராதல் கூடும். அதன் இசைக்கு உடையவர் ஆகார். இதற்கு மாறாக நடப்போரும் உளர். பிங்க் புளொயிட் இசைக்குழுவைச் சேர்ந்த நிக் மேசன், தம்மிடமுள்ள ஜீ.ரீ.ஓ. வண்டியைப் பந்தயக் களத்தில் ஓட்டியே வந்தவர். அவரிடம் அதன் விலை குன்றவில்லை, வரலாறே வளர்ந்தது.

இன்றுவரை ஏலத்தில் மிகுந்த விலை பெற்ற காரின் வரலாறு இவ்வாராய்ச்சிக்கு முடிவுரையாக அமைவது. 1955ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனம் '300 எஸ்.எல்.ஆர்.' என்னும் பந்தய வண்டியின் கூரையிட்ட வடிவில் இரண்டைச் செய்தது. அவற்றை ஆக்கியவர் பொறியியலாளர் றுடோல்ப் உலென்ஹவுட். அவ்வாண்டு யூன் மாதம் லெ மான் பந்தயத்தில் அந்நிறுவனத்தின் வண்டி ஒன்று கூட்டத்துள் பாய்ந்து, எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆண்டின் முடிவில் நிறுவனம் பந்தயத்தைத் துறந்தது. ஆதலின் அவ்விரு வண்டிகளும் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. உலென்ஹவுட் அவற்றுள் ஒன்றைத் தம் அலுவற் பயணங்களுக்கு ஓட்டினார். பின்னர் அறுபது ஆண்டுக்கு மேல் அவை செய்த நிறுவனத்தின் கையிலேயே இருந்தன. பிறந்த நாள் முதலாக உடையவர் ஒருவரே. ஐயத்துக்கு இம்மியும் இடமில்லை.

2022ஆம் ஆண்டு மே மாதம் ஸ்ருட்கார்ட் நகரிலுள்ள நிறுவனத்தின் நூதனசாலையில் இரண்டில் ஒன்று ஏலத்தில் விடப்பட்டது. கிடைத்த தொகை 13 கோடியே 50 இலட்சம் யூரோ. மற்றையது விற்கப்படாமல் நிறுவனத்திடமே நிற்கின்றது. பெற்ற பணத்தைக் கொண்டு நிறுவனம் ஒரு நிதியம் அமைத்தது. சுற்றாடலைக் காக்கும் கல்வியிலும், கரிப்புகையைக் குறைக்கும் ஆராய்ச்சியிலும் ஈடுபடும் இளைஞர்க்குப் புலமைப் பரிசில் வழங்குவது அந்நிதியத்தின் நோக்கம். புகை கக்கும் பந்தய எஞ்சினின் விலை, புகையற்ற உலகைத் தேடும் மாணவரின் புத்தகச் செலவாகின்றது.

பொருளின் விலை எவ்வாறு நிலைக்கின்றது என்னும் வினாவுக்கு வணிகர் தரும் விடை ஒன்று. அவ்விலை எதற்குப் பயன்படுகின்றது என்பது வணிகத்துக்கு அப்பாற்பட்ட வினா. உலகின் மிக விலையுயர்ந்த கார் இரண்டுக்கும் ஒருங்கே விடையளித்து நிற்கின்றது. நேர்மையாகச் செய்து, நேர்மையாகக் காத்தமையால் அதன் விலை குன்றவில்லை. கல்வியாக மாறியமையால் அவ்விலை இனியும் குன்றப் போவதில்லை.